இயக்குமுன் நிறைவு காணல்
எண்ணெய், எரிவாயுக் கட்டுமானங்களில் ஒரே சீரான சோதனை முறை

ஏலமலைப் பிரதேசத்தைச் சேர்ந்த சக்குபள்ளம் போன்ற ஊர்களில் கோடைக்குமுன் தோட்டங்களில் நடைபெறும் வேலைகளுள் நீர்க்குழாய் அமைத்தலும் ஒன்றாகும். பள்ளத்தில் படுதா விரித்து அமைத்த குளத்திலிருந்து நீரைப் பம்பின் மூலம் மேட்டிலுள்ள தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து ஏலச்செடிகளுக்குப் பாய்ச்சுகின்றனர். குழாய்கள் பதிக்கப்பட்டு, இணைப்புகள் ஒட்டப்பட்டு, பம்பும் பொருத்தப்பட்டுவிட்டால் வேலை முடிந்துவிட்டதென்றே பார்ப்பவர்க்குத் தோன்றும். ஆயினும் பம்பை முதன்முறையாக ஓட்டும்போதுதான் உண்மை நிலை வெளிப்படுகிறது. குழாயினுள் தங்கிய மண் தெளிப்பான்களை அடைத்துக்கொள்ளலாம். பள்ளத்திலுள்ள குழாய் அழுத்தம் தாங்காது வெடிக்கலாம். மின்கம்பி மாற்றி இணைக்கப்பட்டதால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலலாம்.

தோட்டத்து நீர்க்குழாயில் இத்தகைய குறைகளால் ஏற்படும் நஷ்டம் சில மணி நேர உழைப்பும் சிறிது பணமுமே. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலோ எரிவாயுக் குழாயிலோ இதே குறைகள் உயிர்ச்சேதத்தை விளைவிக்க வல்லவை. ஆகவே அத்தொழில்களில் “முடிந்தது” என்னும் சொல்லை எவரும் தத்தம் கருத்துப்படி உபயோகிக்க இடமளிப்பதில்லை. எவை எவை செய்யப்பட்டிருந்தால் ஒரு பகுதியை முடிந்ததாகக் கொள்ளலாம், அதனை யார் சோதிப்பது, எந்தப் படிவத்தில் பதிவு செய்வது என்பனவற்றை முன்கூட்டியே வரையறுத்துக் கொள்கின்றனர். இந்நிலைக்கு இயந்திர நிறைவு என்று பெயர். வேலைத்தளங்களில் இதனை மெக்கானிக்கல் கம்ப்ளீஷன் என்றே வழங்குவர். இதற்கு அடுத்த கட்டமாகிய இயக்கிவைத்தல், கமிஷனிங் எனப்படும்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் பலர் வெல்டராகவும் பிட்டராகவும் மின்பணியாளராகவும் உள்நாட்டு ஆலைகளிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிகின்றனர். அவர்கள் அன்றாடம் கையெழுத்திடும் சோதனைப் படிவங்களின் கருத்தைப் பள்ளிப் பருவத்திலேயே ஓரளவு உணர்ந்திருப்பது அவர்களது பாதுகாப்புக்கு உதவும்.

நிறைவு என்பதன் பொருள்

ஒரு கட்டுமானம் தொடங்கி உற்பத்திக்கு வரும்வரை சில படிகளைக் கடக்கிறது. முதலாவது, பொருள்களை வரைபடத்தின்படி நிறுவுதல். இரண்டாவது, நிறுவியவை வரைபடத்திற்கும் விதிகளுக்கும் ஒத்துள்ளனவா என்று சோதித்தல். குழாய்களின் அழுத்தச் சோதனை, உட்புறச் சுத்தம், மின்கம்பிகளின் காப்புச் சோதனை, அளவுகருவிகளின் திருத்தம், பம்பையும் மோட்டாரையும் ஒரே அச்சில் நிறுத்துதல் ஆகியன இதில் அடங்கும். மூன்றாவது, ஒவ்வோர் அமைப்பையும் உயிர்ப்பித்து அது தன் தொழிலைச் செய்கிறதா என்று காணல். நான்காவது, எண்ணெயையோ எரிவாயுவையோ உட்செலுத்தி உற்பத்தியைத் தொடங்குதல். இறுதியாக, ஒப்பந்தத்தில் கூறிய அளவும் தரமும் கிடைக்கின்றனவா என்று பார்க்கும் திறன் சோதனை.

இயந்திர நிறைவு இப்படிகளுக்கிடையே நிற்கும் எல்லைக்கல்லாகும். ஆனால் இக்கல்லை எங்கே நடுவது என்பதில் ஒப்பந்தத்திற்கு ஒப்பந்தம் வேறுபாடு உண்டு. அளவுகருவியிலிருந்து கட்டுப்பாட்டு அறைவரை செல்லும் சமிக்ஞைச் சுற்றைச் சோதிக்கும் வேலையைச் சிலர் நிறைவுக்கு முன்னும், சிலர் பின்னும் வைப்பர். கட்டுவோர் ஒரு பொருளிலும் இயக்குவோர் வேறொரு பொருளிலும் அதே சொல்லைக் கையாண்டால், இருவருக்கும் இடையே சில சோதனைகள் எவராலும் செய்யப்படாமல் விடுபட்டுப் போகும். அபாயம் தோன்றுவது இவ்விடைவெளியிலேதான்.

இக்குழப்பத்தை நீக்கவே பொதுத் தரங்கள் எழுந்தன. வட கடலில் எண்ணெய் எடுக்கும் நார்வே நாட்டினர் 1990-களில் நார்சாக் எனப்படும் தரங்களை வகுத்தபோது, இசட்-007 என்னும் தரத்தை இயந்திர நிறைவுக்கும் இயக்கிவைத்தலுக்குமே ஒதுக்கினர். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2006-ஆம் ஆண்டில் 62337 என்ற எண்ணுள்ள தரத்தை வெளியிட்டு, படிகளுக்கும் அவற்றின் எல்லைகளுக்கும் பெயரிட்டது. எத்தரத்தைப் பின்பற்றினாலும், ஒரு திட்டத்தில் உள்ளோர் அனைவரும் ஒரே வரையறையைக் கொள்ளுதல் இன்றியமையாதது.

கேரள எரிவாயுக் குழாய் காட்டும் உண்மை

நிறைவை எந்த அலகில் அளப்பது என்பதற்கு அண்மைக் காலக் கேரளமே தக்க உதாரணம் தருகிறது. கொச்சிக்கு அருகே புதுவைப்பில் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் முனையம் 2013-இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறனுடையது அது. ஆனால் அங்கிருந்து வடக்கேயும் கிழக்கேயும் வாயுவைக் கொண்டுசெல்ல வேண்டிய நீண்ட குழாய் அப்போது அமையவில்லை. ஆகவே முனையம் பல ஆண்டுகள் தன் திறனில் சிறு பகுதியையே உபயோகிக்க முடிந்தது.

கொச்சியிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக் கூட்டநாடு வழியாக மங்களூருக்குச் செல்லும் 450 கிலோமீட்டர்க் குழாய் 2021 ஜனவரி 5-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 120 லட்சம் கனமீட்டர் வாயுவைக் கொண்டுசெல்ல வல்ல இக்குழாய், நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீர்நிலைகளைக் கடக்கிறது. அவ்விடங்களில் ஆற்றின் அடியே கிடைமட்டமாகத் துளையிட்டுக் குழாயை இழுத்துச் செருகினர். 450 கிலோமீட்டரில் ஓர் ஆற்றின் அடியேயுள்ள பகுதி மட்டும் எஞ்சியிருப்பினும், அதற்கு அப்பாலுள்ள ஊருக்கு வாயு செல்லாது.

இதனின்று பெறும் பாடம் எளிது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வேலை முடிந்தது என்னும் கணக்கு, கூலி வழங்குவதற்குப் பயன்படும், இயக்குவதற்குப் பயன்படாது. ஓர் அமைப்பு தொடக்கம் முதல் முடிவுவரை முழுமை பெற்ற பின்னரே அது இயங்கத் தக்கதாகும்.

பகுதியும் அமைப்பும்

கட்டுமானம் இடவாரியாக நடைபெறும். ஓரிடத்தில் அஸ்திவாரம், அதன்மேல் இரும்புச் சட்டம், அதன்மேல் குழாய் என்று தொழில்வாரியாக ஆட்கள் வேலை செய்து செல்வர். இயக்குவோருக்கோ இடம் முக்கியமன்று. அவர்களுக்குக் குளிர்நீர் அமைப்பு, கருவிகளுக்கான அழுத்தக்காற்று அமைப்பு, நைட்ரஜன் அமைப்பு, தீயணைப்பு நீர் அமைப்பு என்ற முறையிலேயே ஆலை தோன்றும். ஒரே குழாய்த் தாங்கியின்மீது பத்து அமைப்புகளின் குழாய்கள் சேர்ந்து செல்லக்கூடும்.

எனவே திட்டத்தின் தொடக்கத்திலேயே வரைபடங்களில் வண்ணக் கோடிட்டு ஒவ்வோர் அமைப்பின் எல்லையையும் குறித்தல் வேண்டும். எந்த வால்வு வரை இந்த அமைப்பு, அதற்கு அப்பால் எந்த அமைப்பு என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். பின்னர் அவற்றை இயக்கும் வரிசையை முடிவு செய்வர். முதலில் மின்சாரம், அடுத்துக் கருவிக் காற்றும் குளிர்நீரும் நைட்ரஜனும். தீயணைப்பு நீரும், மிகுதியான வாயுவை எரித்தகற்றும் தீக்கோபுரமும் ஆயத்தமான பின்னரே எரிபொருள் உள்ளே வரலாம். கட்டுமானத்தின் பிற்பகுதியில் ஆட்களை இடவாரி வேலையிலிருந்து அமைப்புவாரி வேலைக்குத் திருப்புவது இவ்வரிசையைக் காப்பதற்கேயாகும்.

ஒரே படிவம்

ஒரு பெரிய ஆலையில் பல்லாயிரம் வால்வுகளும் கருவிகளும் கம்பிகளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. பம்புக்கு ஒருவகைப் படிவம், மின்கம்பிக்கு ஒருவகை, அளவுகருவிக்கு ஒருவகை என்று பொருளின் இனத்திற்கேற்பச் சோதனைப் படிவங்களை முன்னரே அச்சிட்டு வைப்பர். ஒரே இனப் பொருள் எங்கிருந்தாலும், எந்தக் குத்தகைதாரர் நிறுவினாலும், கேள்விகள் மாறா. இதுவே ஒரே சீரான முறையின் அடிப்படை.

நல்ல படிவத்தின் கேள்வி அளந்து விடை கூறத்தக்கதாக இருக்கும். “இணைப்பு சரியாக உள்ளதா?” என்று கேட்டால் எவரும் “ஆம்” என்று எழுதிவிடலாம். “காஸ்கெட்டின் வகை வரைபடத்துடன் ஒத்துள்ளதா? போல்ட்டுகள் எந்த அளவு முறுக்கு விசையில் இறுக்கப்பட்டன? இறுக்கிய கருவியின் எண் யாது?” என்று கேட்டால், நேரில் பார்க்காமல் விடை எழுத இயலாது. படிவத்தில் நிறுவியவர், சோதித்தவர், பெற்றுக்கொள்பவர் ஆகியோரது கையெழுத்தும் தேதியும் இடம்பெறும்.

குறை இல்லாத கட்டுமானம் அரிது. எனவே எஞ்சிய குறைகளைக் குறைப்பட்டியலில் எழுதுவர். இதனைப் பஞ்ச் லிஸ்ட் என்பர். குறைகளை இரு வகையாகப் பிரிப்பது பொது வழக்கம். இயக்குமுன் கட்டாயம் தீர்க்க வேண்டியவை ஏ வகை; பின்னர் தீர்த்தாலும் அபாயம் விளைவிக்காதவை பி வகை. பாதுகாப்பு வால்வு பொருத்தப்படாமை ஏ வகை. குழாய்க்குக் கடைசிப் பூச்சு வண்ணம் அடிக்காமை பி வகை. திறப்பு விழா நாள் நெருங்கும்போது ஏ வகைக் குறையைப் பி வகைக்கு மாற்றும் ஆசை எழுவது இயல்பு. ஆகவே அம்மாற்றத்தைக் கட்டுவோர் தாமே செய்யாமல், இயக்கும் பொறுப்புடையவர் எழுத்து மூலம் ஒப்ப வேண்டும் என்பது விதியாக இருத்தல் வேண்டும்.

நீரால் சோதிப்பது ஏன்

குழாயின் வலிமையைச் சோதிக்க அதனுள் நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்திற்கு உயர்த்துவர். ஆலைக் குழாய்களுக்கான அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி 31.3 விதி, நீரழுத்தச் சோதனைக்கு வடிவமைப்பு அழுத்தத்தின் 1.5 மடங்கைக் கூறுகிறது. நீரை உபயோகிக்க இயலாதபோது செய்யப்படும் காற்றழுத்தச் சோதனைக்கோ 1.1 மடங்கே பொது அளவு. சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம் அழுத்தத்திற்கு வடிவமைத்த குழாயை நீரால் 30 கிலோகிராமுக்கும், காற்றால் 22 கிலோகிராமுக்கும் சோதிப்பர்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பௌதிக விதியிலேயே உள்ளது. நீர் மிகச் சிறிதளவே அமுங்கும்; காற்று பெரிதும் அமுங்கும். ஒரு கனமீட்டர்க் கொள்ளளவுள்ள கலத்தில் நீரைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோகிராம் அழுத்தத்தில் அடைத்தால், நீரில் தேங்கும் சக்தி ஏறத்தாழ 200 ஜூல் மட்டுமே. அது 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தப் போதுமானது. அதே கலத்தில் அதே அழுத்தத்தில் காற்றை அடைத்தால் தேங்கும் சக்தி ஏறத்தாழ 13 லட்சம் ஜூல். அது ஒரு டன் எடையை 130 மீட்டர் உயர்த்த வல்லது. நீர் நிரம்பிய கலம் பிளந்தால் நீர் சிந்தி, அழுத்தம் உடனே அற்றுப்போகும். காற்று நிரம்பிய கலம் பிளந்தால் வெடிகுண்டையொத்த விளைவு ஏற்படும்.

சோதனை அழுத்தத்தை யார் முடிவு செய்வது என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்னும் இடத்து ரசாயன ஆலையில் 1974-இல் பழுதுற்ற ஓர் உலையை அகற்றி, அதன் இருபுறத்து உலைகளையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அக்குழாய்க்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்துகொண்டனர். சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோகிராம் அழுத்தத்தில் சோதித்தனர்; ஆனால் பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தம் 11 கிலோகிராமாகும். அதாவது, வால்வு திறக்குமுன் குழாய் அடையக்கூடிய அழுத்தத்தை அச்சோதனை எட்டவே இல்லை. 1974 ஜூன் 1-ஆம் நாள் அக்குழாய் சிதைந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் ஆவி வெடித்ததில் 28 பேர் மாண்டனர். சோதனை நடந்தது என்ற பதிவு மட்டும் போதாது. எந்த அளவில், எந்த விதியின்படி நடந்தது என்பதும் பதிவாதல் வேண்டும்.

மலைச்சரிவில் பதிக்கும் குழாய்களில் மற்றொரு கணக்கும் உண்டு. நீரின் உயரம் 10 மீட்டர் கூடுந்தோறும் அடியில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம் கூடுகிறது. சரிவின் உச்சியில் 30 கிலோகிராம் காட்டும்போது, 200 மீட்டர் கீழேயுள்ள பகுதி 50 கிலோகிராமைத் தாங்கிக் கொண்டிருக்கும். இதனைக் கருதியே நீண்ட குழாய்களைச் சோதனைக்காக உயரத்திற்கேற்பப் பல துண்டங்களாகப் பிரிக்கின்றனர்.

சுத்தம் செய்தலும் உலர்த்தலும்

புதுக் குழாயினுள் வெல்டிங் கசடு, துரு, மண், சில வேளைகளில் மறந்து விட்ட கருவிகளும் இருத்தல் கூடும். இவற்றை நீராலோ காற்றாலோ, குழாயினுள் தள்ளப்படும் பிக் எனப்படும் உருளையாலோ வெளியேற்றுவர். எவ்வூடகத்தால் சுத்தம் செய்வது என்பதும் உயிர்நாடியான விஷயமாகும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் என்னுமிடத்தில் கட்டப்பட்டு வந்த கிளீன் எனர்ஜி மின்நிலையத்தில், 2010 பிப்ரவரி 7-ஆம் நாள், குழாய்களை இயற்கை வாயுவையே மிகுந்த அழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்தனர். வெளியேறிய வாயு கட்டடங்களுக்கிடையே தேங்கித் தீப்பற்றி வெடித்தது. அறுவர் உயிரிழந்தனர். காற்றையோ நைட்ரஜனையோ உபயோகித்திருந்தால் அவ்விபத்து நேர்ந்திராது. அதன்பின் அங்குள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கம் எரிவாயுக் குழாய்களைச் சுத்தம் செய்வதற்கென்றே 56-ஆம் எண் தரத்தை வகுத்தது.

நீர்ச் சோதனைக்குப்பின் குழாயை உலர்த்துவதும் அவசியமே. அழுத்தமும் குளிர்ச்சியும் மிக்க நிலையில் நீரும் மீத்தேனும் சேர்ந்து பனிக்கட்டியையொத்த திடப்பொருளாகி வழியை அடைத்துக்கொள்ளும். ஈரத்தால் அரிப்பும் உண்டாகும். உலர்ந்த குழாயில் எஞ்சியிருப்பது காற்று. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம்வரை கலந்தால் அக்கலவை தீப்பற்றக்கூடியது. ஆகவே முதலில் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, பின்னரே எரிவாயுவை அனுமதிப்பர்.

தாளும் தளமும்

படிவங்கள் எவ்வளவு சிறந்தவையாயினும், அவை வேலைத்தளத்தின் உண்மை நிலையைக் காட்டாவிடில் தீங்கே விளையும். வட கடலில் பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6-ஆம் நாள் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, திறந்த வாயை ஒரு தகட்டினால் மூடினர். அச்செய்தி இரவு முறைக்கு வந்தவர்களை எட்டவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோகவே, அவர்கள் இப்பம்பை இயக்க முற்பட்டனர். தகட்டின் இடுக்கிலிருந்து கசிந்த எரிபொருள் வெடித்து 167 பேர் மாண்டனர். இது பழுதுபார்க்கும் வேலையில் நேர்ந்த விபத்தாயினும், புதுக் கட்டுமானத்துக்கும் பொருந்தும். சோதனைக்காகச் செருகிய அடைப்புத் தகடுகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, செருகிய நாளும் எடுத்த நாளும் ஒரே பதிவேட்டில் குறித்தல் வேண்டும். அப்பதிவேடு எல்லா முறையினரும் பார்க்கும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் எண்ணெய்த் தொழிற் பாதுகாப்பு இயக்ககம் 1986-இல் நிறுவப்பட்டது. அது தரங்களை வகுப்பதோடு, புது நிலையங்களை இயக்குமுன் நேரில் தணிக்கையும் செய்கிறது. தணிக்கையாளர் படிவக் கட்டைப் பார்ப்பதுடன் நில்லாது, அதில் சில எண்களைத் தேர்ந்து, அந்த வால்வையும் கருவியையும் தளத்தில் சென்று ஒப்பிடுவதே பயனுள்ள வழி. களப்பணியாளரும் இதே பழக்கத்தைக் கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பறையில் விளக்க விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. ஊசி நீக்கிய மருந்தேற்றும் குழல் ஒன்றில் காற்றை இழுத்து, முனையை விரலால் மூடித் தண்டை அமுக்கினால் அது உள்ளே சென்று, விட்டவுடன் பின்னோக்கித் தள்ளும். அதே குழலில் நீரை இழுத்து அமுக்கினால் தண்டு அசையாது. காற்று சக்தியைத் தேக்குவதும் நீர் தேக்காததும் இதனால் புலனாகும்.

சைக்கிள் டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதும், சமையல் வாயு இணைப்பில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பதும் கசிவுச் சோதனைகள். அவை வலிமையைக் காட்டுவனவல்ல என்பதையும், கசிவைத் தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது என்பதையும் மாணவருக்கு வற்புறுத்துதல் வேண்டும்.

பின்வரும் பயிற்சிகளை மாணவரிடம் அளிக்கலாம்.

1. பம்பிலிருந்து 45 மீட்டர் உயரத்தில் தொட்டி உள்ளது. பம்ப் நின்றிருக்கும்போது குழாயின் அடியில் நீரின் அழுத்தம் எவ்வளவு? சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகிராம் எனக் குறியிட்ட குழாயை அடிப்பகுதியில் பதிக்கலாமா? (விடை: 4.5 கிலோகிராம்; பதிக்கலாகாது. பம்ப் ஓடும்போது உராய்வினால் அழுத்தம் மேலும் கூடும்.)

2. பள்ளிக்கூடத்துக் குடிநீர் அமைப்பை ஓர் அமைப்பாகக் கொண்டு, அதன் எல்லைகளை வரைந்து காட்டுக. அதிலுள்ள ஒவ்வொரு குழாய்க்கும் வால்வுக்கும் எண்ணிடுக.

3. அவ்வமைப்பில் காணும் குறைகளை ஏ, பி என இரு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.

மூன்றாவது பயிற்சியில் மாணவரிடையே கருத்து வேற்றுமை எழுவது திண்ணம். அவ்விவாதத்தை ஆசிரியர் ஊக்குவித்தல் நன்று. இயக்குமுன் எதைத் தீர்த்தே ஆகவேண்டும் என்பதைக் காரணம் காட்டி நிறுவும் பழக்கமே, பிற்காலத்தில் அவர்கள் ஒரு படிவத்தில் இடும் கையெழுத்துக்கு மதிப்பைத் தருவதாகும்.